பிடுங்கலாமா என்று நீங்கள் கேட்ட கொடி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கடற்கரையில் ஞாயிறுதோறும் குப்பை பொறுக்கும் குழுவில் இருக்கிறீர்கள். அங்கே மணல்மேட்டில் ஊதாப் பூ பூக்கும் கொடி ஒன்று படர்ந்து கிடக்கிறது. பிளாஸ்டிக் பையும் அறுந்த வலைத் துண்டும் அதில் சிக்கிக்கொள்வதால் சுத்தம் செய்வது பெரும்பாடாக இருக்கிறது. குழுவில் ஒருவர், “இது நெய்வேலிக் காட்டாமணக்கு, விஷச் செடி, வேரோடு பிடுங்கிவிடலாம்” என்கிறார். இன்னொருவர், “இதுதான் சங்கப் பாட்டில் வரும் நெய்தல் பூ, தொடாதீர்கள்” என்கிறார். மூன்றாமவர், கடலில் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் இதன் சாற்றைத் தேய்த்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி, பிடுங்கலாமா, வீட்டு மாடியில் வைத்து வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்காதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த ஒரு வார்த்தையாவது உங்கள் குழுவுக்குப் போய்ச் சேரட்டும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இந்தக் கொடியின் பெயர் அடும்பு. நெய்தலும் இல்லை, காட்டாமணக்கும் இல்லை. ஆனால் இரண்டு நண்பர்களும் ஏன் அப்படி நினைத்தார்கள் என்பது புரிகிறது.

நெய்வேலிக் காட்டாமணக்கு இதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. இரண்டும் ஐபோமியா பேரினம், பூவும் ஒரே அச்சில் வார்த்தது போலப் புனல் வடிவில் இருக்கும். ஆனால் காட்டாமணக்கு அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து நம் ஏரியையும் வாய்க்காலையும் அடைத்துக்கொண்ட புதர்ச்செடி. ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், இலை இதய வடிவில் நுனி கூராக இருக்கும். ஆடு தொடர்ந்து தின்றால் நரம்புக் கோளாறு வந்து தள்ளாடும் என்பதும் உண்மை. அடும்போ நிமிரவே நிமிராது, மணலோடு மணலாக ஓடும். இலையின் நுனி உள்ளே வெட்டுப்பட்டு இரண்டு மடலாகப் பிரிந்திருக்கும். நீங்கள் அனுப்பிய படம் பிற்பகலில் எடுத்தது போலிருக்கிறது. பூவெல்லாம் சுருங்கிக் கிடக்கின்றன. அதனால் இலையைப் பார்த்துத்தான் உறுதி செய்தேன்.

நெய்தல் குழப்பம் இன்னும் பரவலானது. நெய்தல் நிலம் என்றால் கடற்கரை, ஆகவே நெய்தல் பூ என்றால் கடற்கரைப் பூ என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிடுகிறது. நெய்தல் என்று பொதுவாக அடையாளம் காட்டப்படுவது நீரில் பூக்கும் நீல அல்லி இனம். குளத்திலும், கடலோரத்தில் மழைநீர் தேங்கும் பள்ளத்திலும், உப்பு குறைந்த கழிமுகத்திலும் நிற்கும். இலங்கையின் தேசிய மலரும் அதுதான். சுடு மணலில் அதைக் கொண்டு வைத்தால் ஒரு மணி நேரம் தாங்காது. மணலின் பூ அடும்பு, நீரின் பூ நெய்தல். குறுந்தொகையில் ஒரு பாட்டில் பெண்கள் இரண்டையும் கலந்து தொடுத்துத்தான் தலையில் சூடுகிறார்கள். கலக்க வேண்டுமென்றால் இரண்டும் வேறு வேறு பூவாகத்தானே இருக்க வேண்டும்?

பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடும்பு, அடம்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் கொடி, குதிரைக்குளம்பு என்று ஊருக்கொரு பெயர். ஈழத்தில் அடம்பன். மன்னார்ப் பக்கம் அடம்பன் என்றே ஓர் ஊர் உண்டு. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று யாழ்ப்பாணத்தில் குழந்தைகூடச் சொல்லும். ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். கொடியைத் தனியாக இழுத்தால் ‘பட்’டென்று அறுந்து பால் வடியும். காய்ந்து கிடந்த ஏழெட்டுக் கொடிகளைச் சேர்த்து முறுக்கி, இரண்டு மாணவர்கள் இரண்டு பக்கமும் நின்று இழுத்தார்கள். அறவில்லை. ஒருவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மலையாளத்தில் இன்றும் அடம்புதான். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளில் ஒரு பெருநூல் கொண்டுவந்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் சொல்லச் சொல்லத் திரட்டிய செய்திகள் அதில் ஏராளம். 1692-ல் வந்த பதினோராம் தொகுதியில் இந்தக் கொடியின் படம் இருக்கிறது. மேலே ‘ஸ்கோவன்ன அடம்போ’ என்று எழுதியிருக்கும். டச்சுக்காரர் காதில் விழுந்த ‘சுவந்ந அடம்பு’, அதாவது சிவந்த அடம்பு, அது. சங்கப் பாட்டில் கிடந்த சொல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான கதை.

1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ‘பெஸ்-காப்ரே’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ஆட்டின் பாதம். 1818-ல் ராபர்ட் பிரௌன் ஐபோமியாவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். இன்றைக்கும் ஐபோமியா பெஸ்-காப்ரே என்றுதான் உலகம் முழுக்க வழங்குகிறது.

இப்போது குறுந்தொகை 243. எழுதியவர் நம்பி குட்டுவன். “மான் அடி அன்ன கவட்டு இலை அடும்பின் தார் மணி அன்ன ஒண் பூ” என்கிறார். ஸ்வீடன்காரர் ஆட்டுக் குளம்பைப் பார்த்த இடத்தில் இவர் மான் குளம்பைப் பார்த்திருக்கிறார். பிளவுபட்ட குளம்பு என்ற உவமை, ஒருவரை ஒருவர் அறியாமல், நூற்றாண்டுகள் இடைவெளியில் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது. கேட்டால் குட்டுவன் பக்கம்தான் நிற்பேன். இந்தியப் பெருங்கடல் ஓரத்தில் வளரும் அடும்பு வகைக்கு இலைப் பிளவு ஆழமாக, மடல்கள் விலகி இருக்கும். அட்லாண்டிக், பசிபிக் பக்கம் பரவியிருக்கும் வகைக்குப் பிளவு மேலோட்டமாக இருக்கும். தாவரவியலாளர்கள் இவற்றை இரண்டு துணையினங்களாகப் பிரிப்பதற்கு அந்த வேறுபாடும் ஓர் அடிப்படை. ‘கவடு’ என்று அவர் சொன்னது நம் கரை வகைக்கு அளந்து தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

தார் மணி என்பது குதிரையின் கழுத்து மாலையில் கோத்த மணி. காலையில் பூவைக் காம்போடு தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், மணிதான். வாய் அகன்று, போகப்போகக் குறுகி, அடியில் கருஞ்சிவப்பாகும். புனலின் மேல் ஐந்து கோடுகள் நட்சத்திரம் போல ஓடும். மொட்டில் குடையைச் சுருக்கியது மாதிரி முறுக்கிக் கிடந்த பூவின் மடிப்புக் கோடுகள்தான் அவை. விடியும்போது விரியும், பிற்பகலுக்குள் வாடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. அந்த அரை நாளுக்குள் கருவண்டும் தேனீயும் வந்து போக வேண்டும்.

இலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் காட்டாமல் விட மனமில்லை. இலையும் காம்பும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் குண்டூசித் தலையளவு இரண்டு புள்ளிகள் இருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும், கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அவை தேன் சுரப்பிகள். பூவில் தேன் வண்டுக்கு, இலைக்காம்பில் தேன் எறும்புக்கு. எறும்புகள் காம்பைச் சுற்றியே திரிவதால் இலையைக் கடிக்க வரும் பூச்சிகளுக்குக் கொஞ்சம் தொல்லை. ஆனாலும் ஆமை ஓடு போல முதுகும் கண்ணாடி போல விளிம்பும் கொண்ட ஒரு வண்டு இருக்கிறது. அது எறும்பைப் பற்றிக் கவலைப்படாமல் இலையில் ஓட்டை போட்டுக்கொண்டே போகும். ஓட்டை விழுந்த இலையைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம்.

சரி, பிடுங்கக் கூடாது என்று ஏன் சொன்னேன்?

கடற்கரையில் கொண்டல், அதாவது கடல் காற்று, அடிக்கும் பிற்பகலில் நின்றிருக்கிறீர்களா? கணுக்காலில் ஊசி குத்துவது போல இருக்குமே, அது பறக்கும் மணல். மணல் அதிகம் மேலே எழும்பாது. பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். அடும்பின் தடித்த இலைகள் ஒரு சாண் உயரத்தில் குறுக்கே நிற்கின்றன. அங்கே காற்றின் வேகம் குறைகிறது, மணல் கீழே விழுகிறது. மற்றச் செடியாக இருந்தால் மூடிய மணலுக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அடும்பு புதைந்த கணுவில் வேர் விட்டுவிட்டு நுனியை மேலே தூக்கும். மறுபடி மணல் மூடும், மறுபடி நுனி வெளியே வரும். இப்படி விரற்கடை விரற்கடையாக உயர்ந்ததுதான் நீங்கள் நின்று படமெடுத்த மேடு. அந்த மேட்டின் மேல் செடி முளைத்தது என்பதைவிட, செடியின் மேல் மேடு முளைத்தது என்பதுதான் நடந்ததற்கு நெருக்கமானது.

ஒரு முறை மாணவர்களோடு ஒரு கொடியின் நுனியைப் பிடித்து அடியைத் தேடிப் போனோம். 17 மீட்டர் வந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் தாய்வேர் மக்கிப்போயிருந்தது. கணுவுக்குக் கணு விட்ட வேர்களை நம்பியே அத்தனை நீளமும் பச்சையாக இருந்தது. அமெரிக்காவில் இதை ரயில் பாதைக் கொடி என்பார்கள். நேர்கோட்டில் ஓடும் தண்டையும் சீரான இடைவெளியில் நிற்கும் இலைகளையும் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது.

மணல்மேடு எதற்கு? பழைய வீடுகளில் நெல்லுக்குக் குதிர் இருக்கும். கரைக்கு மணல் குதிர் இந்த மேடு. புயலிலும் வாடைக் காலத்துப் பெரிய அலையிலும் கடல் ஏறிவந்து மேட்டை அறுத்துக்கொண்டு போகும். பார்ப்பவருக்கு இழப்பாகத் தெரியும். போன மணல் சற்றுத் தள்ளிக் கடலுக்கடியில் திட்டாகப் படிகிறது, அடுத்த அலைகள் அந்தத் திட்டில் மோதிக் கரைக்கு வருமுன்னே உடைகின்றன. கடல் அடங்கியதும் சிற்றலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். வந்த மணல் காற்றோடு தெருவுக்குள் போய்விடாமல் பிடித்து வைக்க ஆள் வேண்டும். அந்த வேலையில் அடும்போடு இன்னொரு கூட்டாளி உண்டு, இராவணன் மீசை என்ற முரட்டுப் புல். அதன் உருண்டைக் கதிர் காற்றில் உருண்டோடும்போது பிள்ளைகள் பின்னால் துரத்துவார்கள். உங்கள் கடற்கரையில் அதைப் பார்த்தால் அதையும் விட்டுவையுங்கள். கையைக் கிழிக்கும் என்பதால் அதை யாரும் எளிதில் பிடுங்குவதில்லை. அடும்புக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒரு விடுதிக்காரர் அறை ஜன்னலிலிருந்து கடல் தெரியவில்லை என்று எதிரே இருந்த மேட்டை இயந்திரம் வைத்துத் தட்டிச் சமமாக்கினார். கொடியெல்லாம் லாரியில் போயின. முதல் வருஷம் கடல் அழகாகத் தெரிந்தது. அடுத்த வாடையில் சுற்றுச்சுவருக்கே வந்துவிட்டது. பிறகு கருங்கல் கொட்டினார்கள். கல்லில் மோதிய அலை பக்கத்துக் குப்பத்துக் கரையை அறுக்கத் தொடங்கியது. படகு இழுத்து வைக்க இடமில்லாமல் போன மீனவர்களைக் கேட்டால் இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மணற்குன்றுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிகக் கண்டிப்பான பாதுகாப்புக்குரிய முதல் பிரிவில் இருக்கின்றன. 2011 அறிவிக்கையிலும் சரி, 2019-லும் சரி. ஆனால் முழங்கால் உயர மேட்டை யாரும் குன்று என்று நினைப்பதில்லை, அங்கேதான் சிக்கல்.

2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் சவுக்கு நட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், காற்றைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் சவுக்கின் அடியில் ஊசிச் சருகு மெத்தை போலப் படிந்து, நிழலும் சேர்ந்து, வெயில் வேண்டிய அடும்பை ஒழித்துவிடுகிறது. அலை தொடும் தூரம்வரை சவுக்கை நடுவது என் கணக்கில் தப்பு. பின்னால் இருக்கட்டும், முன் வரிசையைக் கொடிக்கு விட்டிருக்கலாம்.

முன் வரிசை என்றதும் ஆமை நினைவுக்கு வருகிறது. சென்னைக் கரைக்குத் தை முதல் பங்குனி வரை முட்டையிட வருவதை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். 1988-லிருந்து மாணவர்கள் இரவு நடை போய் அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள், உங்கள் குழுவிலும் சிலர் போயிருக்கலாம். அகநானூறு 160-ல் இதே காட்சி இருக்கிறது. நிறைசூல் ஆமை “அடும்பு கொடி சிதைய வாங்கி”, வெண்மணலில் முட்டையிட்டு மறைக்கிறது. முட்டை “கோட்டு வட்டு உருவின் புலவு நாறு முட்டை”யாம். கோட்டு வட்டு என்றால் தந்தத்தில் கடைந்த வட்டு. ஆமை முட்டையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த மங்கிய வெண்மை தந்தத்தின் நிறம்தான், உருண்டை, விரலில் ஒட்டும் புலால் வாடையும் அப்படியே. எழுதியவர் நப்பசலையார் என்ற புலவர். குஞ்சு வெளிவரும்வரை கணவன் ஆமை காவல் இருக்கும் என்று அடுத்துச் சொல்கிறார், அது நடக்காத காரியம். ஆண் ஆமை கரைக்கே வராது, தாயும் ஒரு மணி நேரத்துக்குள் மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நூறு சொச்சம் முட்டைகளை வெயில்தான் ஐம்பது நாள் போல அடைகாக்கிறது. முட்டையைத் தொட்டு மோந்து பார்த்தவர் கணவனை மட்டும் கற்பனையில் சேர்த்துக்கொண்டார். தலைவன் பொறுப்போடு வர வேண்டும் என்று பாட்டில் பேசும் தோழிக்கு ஓர் ஆசை, வேறென்ன.

அடும்பு எல்லா இடத்திலும் ஆமைக்கு உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். கொடியின் வேர் முட்டைக் குழிக்குள் நுழைவதுண்டு, அடர்ந்த பின்னலில் குஞ்சு மாட்டுவதும் உண்டு. முட்டையிட்ட இடத்தை யாராவது குறித்து வைத்திருந்தால், அந்த ஓரடி வட்டத்தில் மட்டும் கொடியை ஒதுக்கிவிடலாம். அதைக் கூட்டைக் கவனிப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

சங்கப் பாட்டுப் பேச்சு நீள்கிறது என்று தெரிகிறது, இன்னும் ஒன்றே ஒன்று. அகநானூறு 80-ல் தோழி தலைவனிடம் பகலிலேயே தேரில் வா என்கிறாள். எப்படி வர வேண்டும் தெரியுமா? “கவட்டு இலை அடும்பின் செங்கேழ் மென்கொடி ஆழி அறுப்ப.” தேர்ச் சக்கரம் அடும்பின் சிவந்த மென்கொடியை அறுத்துக்கொண்டு வரட்டும் என்கிறாள். தண்டு சிவப்பு என்பதைக் கவனித்திருக்கிறார்கள், இளங்கொடியைத் திருப்பிப் பார்த்தால் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும். தேர் போய் அடும்பு அறுபடுவது ஐங்குறுநூற்றிலும் வருகிறது. அறுத்தால் செடி போய்விடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். போகாது. கணுவோடு அறுந்த ஒவ்வொரு துண்டும் ஈர மணல் பட்டால் தனிச் செடியாகிவிடும். எப்போதாவது ஒரு தேர் போன தடத்தில் ஒரு கொடி நாலு கொடியாகும். வாரத்துக்கு மூன்று தடவை இயந்திரம் வாரினால்? ஞாயிறுதோறும் இரண்டாயிரம் பேர் மிதித்தால்? வேர் விட நாலு வாரம் சும்மா விட வேண்டும், அந்த நாலு வாரம்தான் நம் கடற்கரைகளில் கிடைப்பதில்லை. மெரினாவில் இன்று அடும்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆள் தொல்லை இல்லாத இடத்தில் இதை வெல்ல முடியாது. காய் ஒரு கோலிக்குண்டு அளவு. காய்ந்து வெடித்தால் உள்ளே நாலு விதை. கறுப்பும் பழுப்புமாய், வெல்வெட் துணி போர்த்தியது போலப் பொடி மயிர் மூடியிருக்கும். உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், விட மனம் வராது. தண்ணீரில் மிதக்கும். தோல் கெட்டி என்பதால் மாதக்கணக்கில் உப்பு நீரில் கிடந்தும் முளைக்கும். அதனால்தான் ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் ஒரே செடி. 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவு சாம்பலாய்ப் போன பின் அந்தக் கரையில் முதலில் ஏறிய செடிகளில் இதுவும் ஒன்று. ஷிம்பர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1891-ல் வெப்பமண்டலக் கரைகளின் முன் வரிசைச் செடித் தொகுப்புக்கே இதன் பெயரைத்தான் வைத்தார்.

மருந்து விஷயம். மூன்றாம் நண்பர் சொன்னது வெறும் புரளி இல்லை. தாய்லாந்தில் இதை ‘பக் பூங் தலே’, அதாவது கடல் வள்ளைக்கீரை என்பார்கள். நம் வள்ளைக்கீரையும் சர்க்கரைவள்ளியும் ஐபோமியாதான் என்பதால் பொருத்தமான பெயர். ஜெல்லி மீன் பட்ட தடிப்புக்கு இலையை அரைத்துப் பூசும் வழக்கம் அங்கே உண்டு. அங்குள்ள ஆய்வாளர்கள் சாற்றைச் சோதித்து வீக்கத்தைக் குறைக்கும் தன்மை இருப்பதாக எழுதியும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் இலையைச் சூடாக்கித் திருக்கை முள் பட்ட இடத்தில் வைப்பார்கள். நம் கரையில் உடம்பு வலிக்கு இலையை வேகவைத்து வேது பிடிப்பதுண்டு. ஆனால் கடலிலிருந்து வலியில் துடித்துக்கொண்டு வருபவருக்கு இலை தேடிப் போகாதீர்கள். கடல் நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். மணலை வைத்துத் தேய்க்க வேண்டாம். ஒட்டியிருக்கும் இழைகளைக் கை படாமல் எடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் நேரே மருத்துவமனை. தேய்த்தால் போதும் என்ற அந்த ‘போதும்’தான் ஆபத்து. உள்ளுக்குச் சாப்பிடுவதும் வேண்டாம். வயிற்றைக் கலக்கிவிடும்.

மாடித் தோட்டத்தில் வளருமா? வளரும். விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறப்போட்டு, முக்கால் பங்கு மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் முளைக்கும். தேய்க்காமல் போட்டால் விதை கல் மாதிரி கிடக்கும். ஆனால் தொட்டிக்குள் இதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். மூன்று மாதத்தில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போய்விடும், வெயில் கொஞ்சம் குறைந்தாலும் பூக்காது. கடலோரத்தில் சொந்தமாக மணல் தரை இருந்தால் தாராளமாக விடுங்கள். விதை வேண்டுமென்றால் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், மேட்டிலிருந்து கொடியை இழுக்காதீர்கள்.

உங்கள் குழு செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தால் பையைக் கிழித்து எடுங்கள். வலைத் துண்டு சுற்றியிருந்தால் இழுக்காமல் கத்தரிக்கோலால் வலையை வெட்டுங்கள். நைலான் நரம்பு மணலுக்குள் போயிருந்தால் வெளியே தெரிவதை வெட்டி எடுத்தால் போதும், தோண்ட வேண்டாம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில கொடிகள் அறும். அறுந்ததைக் குப்பைப் பையில் போடாமல், இரண்டு கணு மணலுக்குள் இருக்கும்படி ஒரு சாண் ஆழத்தில் படுக்கவைத்து, நுனியைக் கடல் பக்கம் திருப்பி மூடிவிடுங்கள். மழைக்கு முன்னால் செய்தால் நல்லது. அந்த இடத்தை நாலு ஞாயிறு யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கயிறும் நாலு குச்சியும் போதும்.

இந்த முறை காலை ஏழு மணிக்குள் போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள். மதியத்துக்கு மேல் போனால் மணி வாயை மூடிக்கொண்டிருக்கும்.